முன்வரிசையில் ரஞ்சினி

என் மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. எந்தெந்தப் பல்கலைக்கழகங்களின் ஓப்பன் டேக்குப் போய்ச் சுற்றிப் பார்ப்பதென்று, லண்டன் டூட்டிங்கில் அடுத்த தெருவில் இருக்கும் தோழி ரஞ்சினியிடம் ஒன்றுவிடாமல் சொல்லுவேன்.

"வாற சனிக்கிழமை உங்கட பிள்ளையும் வரட்டும், காரிலை இடமிருக்கு" என்றேன்.

"வேண்டாமப்பா, அவளுக்கு மெடிசினிலை விருப்பமில்லை" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மருத்துவக் கல்லூரி மண்டபத்துக்குள் நுழைந்தால், முன்வரிசையில் மகளோடு ரஞ்சினி!

"ஏன் மறைச்சனீங்கள்?"

"குறை நினைக்காதையுங்கோ. கண்ணூறு பட்டிடும் எண்டுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவள் ஷிப்டுக்குப் போன நாளெல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்தக் கண்ணுக்கா பயந்தாள்?

இப்போதெல்லாம் அந்தப் பிள்ளை தெருவில் "அன்ரி" என்று கூப்பிட்டால், நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொல்கிறேன்.