பூசிய ஓதம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த கடைவீடு இப்போது காபிக்கடை ஆகிறது. பெயிண்ட் வாசனை இழுக்க, எட்டிப் பார்த்தேன். புதிதாகப் பூசிய சுவரில் ஒருவர் நீர்த்த பழுப்புப் பெயிண்டை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ஈரம் ஊறிய கறைபோல ஓதம் வரைந்துகொண்டிருந்தார்.

"அப்படியே பழைய வீடு மாதிரி இல்லண்ணே? கஸ்டமருக்கு இதான் பிடிக்குது லா," என்றார் கடைக்காரத் தம்பி.

பிடிக்குமாம். இதே சுவரில் தீபாவளிக்குத் தீபாவளி அம்மா சுண்ணாம்பு அடிப்பார், அது காய்வதற்குள் தரையிலிருந்து பழுப்பு மறுபடி ஏறும், அதன்மேல் சாமி காலண்டரை மாட்டினால் காலண்டரும் நமுத்துச் சுருளும், விருந்தாளி சாய்ந்துவிடக் கூடாதென்று பேச்சுக் கொடுத்தபடியே நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுப்பார், அப்படியும் யாராவது முதுகெல்லாம் வெள்ளையோடு எழுந்து போனால் அன்று முழுக்க அந்தச் சுவரைத் திட்டித் தீர்ப்பார். அந்த நமுத்த நெடியை மட்டும் எந்த டின்னிலும் அடைத்து விற்பதில்லை போலும்.

"ஓதம் கீழேருந்துல்ல ஏறும்? மேலேருந்து வழிய விட்டிருக்கீங்க," என்றேன் பெயிண்டரிடம்.

"கீழ வரைஞ்சா மேசை மறைச்சிரும்ணே. போட்டோல விழாது."

"அந்தப் பக்கம் காய்ஞ்சிருச்சு, சாஞ்சு நில்லுங்கண்ணே, ஒண்ணு எடுப்போம்," என்றார் தம்பி.

சாய்ந்தேன். தெருவுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் கை தானாகப் பின்னால் போய் முதுகைத் தட்டியது. ஒரு துகள்கூட உதிரவில்லை. சீ, இதுவும் ஓர் ஓதமா!