வென்லான் விட்டுக்கொடுத்த இடம்

குய் வென்லான் மகா பிடிவாதக்காரி. சீனாவில் சூச்சோ நகரத்துப் பக்கத்தில் கால்வாய்க்கரை ஊர் எங்களுடையது. இங்கே எர்ஹு என்கிற தந்தி வாத்தியம் வாசிக்க அவளை விட்டால் ஆளில்லை. இரண்டே தந்தி, அதில் அழவும் வைப்பாள், ஆடவும் வைப்பாள். பகலில் பட்டு ஆலையில் வேலை, மாலையில் என் தேநீர்க் கடையில் வாசிப்பு. அவளுக்கு ஜோடியாக மூங்கில் குழல் ஊதிய லூ ஷௌகாங்தான் அவள் கணவனாக இருந்தவன். விவாகரத்துக்குப் பிறகு ஒருவர் கடைக்குள் வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். இருவரும் சேர்ந்து வாசித்த ஊர் மெட்டு அதோடு நின்றுபோனது.

போன வசந்தத்தில், அந்த மெட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றது பள்ளிக்கூடம். ஒலிப்பதிவு கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்து ஊர் மெட்டுதான் பாடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரும் சேர்ந்து வாசியுங்கள் என்று போய்க் கேட்டேன்.

"அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் வாசிக்கணுமாக்கா? தனித்தனியா பதிவு பண்ணி ஒட்டிக்கோங்க" என்றாள் வென்லான். அவனும் அதையேதான் சொன்னான்.

ஒட்டிக் கேட்டோம். கண்றாவி. சுரம் எழுதிய காகிதத்தில் இருப்பது மெட்டின் எலும்பு மட்டும்தான். குழல் குழைந்தால் தந்தி அடங்கும், தந்தி குழைந்தால் குழல் அடங்கும், அதுதான் எங்கள் வழக்கம். எதிரில் ஆளில்லாததால் இருவரும் எல்லா இடத்திலும் வித்தையைக் கொட்டியிருந்தார்கள். சந்தையில் இரண்டு மீன்காரிகள் ஒரே நேரத்தில் கத்தியது போலிருந்தது.

வென்லானுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தாள வரச் சொல்லுங்கக்கா" என்றாள்.

வந்தவன் எதிரில் உட்கார்ந்தான். "இப்பவாச்சும் என்னை மூச்சு வாங்க விடுவியா?"

"பேச்செல்லாம் அப்புறம். ஊது."

முதல் தடவை முட்டிக்கொண்டார்கள். முறைத்தாள். மறுபடி தொடங்கினார்கள். ஏற்றம் வந்த இடத்தில் அவள் தந்தியை ஒற்றைச் சுரத்தில் நிறுத்திவிட்டாள். குழல் அதன்மேல் சுழன்று ஏறியது. அவன் மூச்சு வாங்கியபோது அவள் தந்தி பாய்ந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கடையில் ஒருவரும் கிண்ணத்தைத் தொடவில்லை. நான் அழுதேன், அதற்கென்ன.

அந்தப் பதிவைக் கேட்டதும் பள்ளிக்கூடம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. வகுப்பு எடுப்பதும் இருவரும் சேர்ந்துதான். இப்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளே பஸ் ஏறி வந்து எங்கள் மெட்டைக் கற்கிறார்கள். வென்லான் அவர்களை ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்காரவைத்து, "முதல்ல எதிர்ல இருக்கறவன் என்ன வாசிக்கிறான்னு கேளு" என்கிறாள். அதைக் கேட்டு ஷௌகாங் சிரிக்கிறான். அவள் முறைப்பதில்லை.