கதவுக்குள் கிடந்த சில்லுகள்

பொன்மலையில், கார்க் கண்ணாடி மாற்றும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். டாக்சி ஓட்டுகிறவர். ஸ்ரீரங்கத்து ஸ்டாண்டில் ஒரு பெண் வண்டி போடுவது பிடிக்காத யாரோ பக்கவாட்டுக் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாத அந்த ஜன்னலிலும் முழங்கையை ஊன்றிக்கொண்டே நின்றார்.

"கொஞ்ச நாளைக்கு வேற ஸ்டாண்டுல போடுங்கக்கா" என்றார் கடைக்காரர்.

"ஏன் தம்பி, கல்லை நானா எறிஞ்சேன்?"

கடைக்காரர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே விழுந்திருந்த சில்லுகளை அள்ளப் போனார். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தார்.

"அது அங்கேயே கிடக்கட்டும்."

"புதுக் கண்ணாடியில கீறல் விழுமேக்கா."

"விழட்டும். தினம் ஸ்டாண்டுல கதவை ஓங்கிச் சாத்துவேன். ஜல்லுனு கேக்கும். எறிஞ்சவனுக்கு அது என்னன்னு தெரியும்ல?"

புதுக் கண்ணாடி ஏறியதும் அதை முழுக்க இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்தபடி கிளம்பிவிட்டார்.

போன வாரம் அந்த ஸ்டாண்டைக் கடந்தேன். ஒரு கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது. உள்ளே சில்லுகள் குலுங்கின. அங்கிருந்த டிரைவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை.

அந்தப் பெண் அவரைப் பார்த்தபடியே கதவைத் திறந்து, இன்னொரு முறை சாத்தினார்.