இருபத்து மூன்றாம் நம்பர் வீடு

வங்கித் தேர்வுக்காகத் தாம்பரத்தில் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொடுத்த தகவல் விடை காணப் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்லும் கணக்குகளில் என் பக்கத்து இருக்கைக்காரன் புலி. ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வைத்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன்.

பிறகு இந்தச் செய்தி வந்தது.

"சனிக்கிழமை பொழிச்சலூர் வா, அம்மாவைப் பார்க்கலாம். எங்க தெரு உனக்குத் தெரியும். கதவு நம்பர் ஒரு பகா எண். தகவல் ஒண்ணு, இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவுல. தகவல் ரெண்டு, இலக்கங்களைக் கூட்டினா அதுவும் பகா எண். பதினோரு மணிக்குள்ள வரலைன்னா இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன். ஃபோன் பண்ணக்கூடாது."

திமிரைப் பாருங்கள்! ஆனால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருபத்து மூன்று. இரண்டும் மூன்றும் ஐந்து. பகா எண்தான். நாலு நொடியில் முடித்துவிட்டு, எந்தப் புடவை என்று யோசிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு இருபத்து மூன்றின் அழைப்பு மணியை அடித்தேன். லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார்.

"இன்னாமா வேணும்?"

"உங்க பையன்..."

"எனக்கு ஏதும்மா பையன்? நானும் நாயும்தான் கீறோம்."

அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினேன். இரண்டும் ஒன்பதும் பதினொன்று. அதுவும் பகா எண்! அவன் தன் வீட்டு எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான், நான் எனக்குக் கிடைத்த எண்ணோடு நின்றிருக்கிறேன். வேறொன்று பொருந்துமா என்று இரண்டு மேதைகளுமே பார்க்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ இருபத்தொன்பது எங்க, சார்?"

"பழைய நம்பரா, புது நம்பரா?"

"தெரியலியே!"

"சரியான பேஜாருமா, வூட்டுக்கு ரெண்டு நம்பர் போட்டு வெச்சிகீறானுங்க. புது நம்பர்னா கோயிலாண்ட, பழசுன்னா தண்ணி டேங்க் பக்கத்துல."

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோயில் பக்கம் பூட்டிய வீடு. திரும்பி ஓடினேன். தண்ணீர் டேங்கை எட்டியபோது மணி பதினொன்று ஐந்து. வாசல் கேட்டைப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான், முகம் தொங்கிப்போய்.

"இருபத்து மூணும் வருதுடா, மக்கு!" என்றேன் மூச்சிரைக்க.

அவன் விரல்களை மடக்கிக் கூட்ட ஆரம்பித்தான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "யாருப்பா அது?" என்று கேட்டார். அவன் இன்னும் கூட்டிக்கொண்டேயிருந்ததால் நானே பதில் சொன்னேன்.

"உங்க மருமகதான், அத்தை."