யோர் டெட்

பினாங்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பத்து வயது. நியூசிலாந்திலிருந்து அழைப்பு வந்ததும் அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அப்பா அங்கே ஆப்பிள் தோட்டத்தில் ஒன்றரை வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார்.

பேசியவர் மருத்துவமனைத் தாதி. எங்கள் ஆசிரியை சொல்லித் தந்த உயிரொலிகள் அவர் வாயில் நசுங்கி வந்தன. யாரோ விழுந்தது மட்டும் புரிந்தது. பிறகு "யோர் டெட்" என்றார். கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுபடியும் "யோர் டெட்" என்றார். இணைப்பு அறுந்தது.

"அப்பா செத்துட்டாராம்" என்றேன்.

"நல்லா கேட்டியா?" அம்மா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தலையாட்டினேன்.

அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தார். கீழ் மாடியில் இருந்த மாமாவை வரச் சொன்னார். அடுத்து, தான் வேலை செய்யும் தையல் கடைக்கு அழைத்தார். அப்பா போன பிறகு சேர்ந்த வேலை அது. அவர் இங்கே இருந்தவரை அம்மாவைக் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடத் தனியாக விட்டதில்லை.

"ஒரு வாரம் லீவு வேணும்க்கா. அப்புறம் வந்துடுவேன். என் இடத்துல வேற ஆளப் போட்டுடாதீங்க."

மாமா அப்பாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். யாரும் எடுக்கவில்லை. அண்டை வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து, அப்பாவோடு வேலை செய்பவர் கூப்பிட்டார். மாமா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கால்தான் முறிஞ்சிருக்கு அண்ணே. ஆளு நல்லாத்தான் இருக்காரு, தாதியத் திட்டிக்கிட்டு. இனி ஏணி ஏற முடியாதுலா. அடுத்த வாரம் ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தாதி சொன்னது 'dad', 'அப்பா' என்பதற்கான ஆங்கிலச் சொல். அது அவர் ஊரில் 'டெட்' என்றுதான் ஒலிக்கும். பினாங்கிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அப்பாவை அப்பா என்றே கூப்பிட்டுப் பழகிய எனக்குச் சாவு மட்டுமே கேட்டது.

"என்ன வாத்தியாரம்மா, டெட்டுக்கும் டெட்டுக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்றார் மாமா. அவர் வாயிலும் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, வெகுநேரம் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள் எல்லோரும். மறுவாரம் பள்ளிக் கட்டுரையில் நானும் அப்படியே எழுதினேன்.