முழங்காலை நம்பிப் போன ஞாயிறு

காலை 5.40. விழுப்புரம் பேருந்து நிலையம். தோளில் பூசை அங்கிப் பை, இடது முழங்காலில் கட்டு. ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் என் பக்கத்து அறைக்காரரான அந்தோணி சாமியார், "முழந்தாள் போடாதய்யா, தலை வணங்கினா போதும், கால் முடியாதவங்களுக்குச் சட்டமே விடுது" என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை நடுவே முழந்தாளிட்டவன் எழ முடியாமல் போய், இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மக்கள் முன்னால் நான் பூசை வைக்கவில்லை. இப்போது திண்டிவனம் பக்கத்துப் பங்குத்தந்தை தியானத்துக்குப் போக, அவருடைய பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் பூசை வைக்க என்னை அழைத்தார். இன்றும் அப்படி ஆனால் இதுவே கடைசி என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

திண்டிவனத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய்.

"பெரியவரே, படியில நிக்காதீங்க. ஜல்தி, ஜல்தி!" என்றார் நடத்துநர்.

"என் காலு ஜல்தியை மறந்து ரெண்டு வருஷமாச்சுப்பா."

சிரித்துவிட்டார். முன் இருக்கையில் ஓர் ஆளை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பத்து நிமிடம் நின்றோம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நன்றாக வெயில் வந்துவிட்டது.

6.50. திண்டிவனத்தில் உபதேசியார் ஆரோக்கியசாமி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஊரில் செபம் நடத்துபவர் அவர்தான்.

"ஸ்தோத்திரம் சாமி! ஜனங்க ஆறு மணிக்கே வந்து உக்காந்துகினு இருக்காங்க."

"பூசை எட்டு மணிக்குத்தானே?"

"எங்களுக்கு மாசத்துல ஒரு தபாதானே சாமி பூசை!"

அடடா, இல்லத்தில் மூன்று கிழவர்கள் தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பூசை முடிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

8.00. தகரக் கூரைக் கோயில். அறுபது பேர் இருக்கலாம். பீடம் என்பது ஒரு மர மேசை, லேசானது. அப்பத்தை உயர்த்திவிட்டுத் தலை மட்டும் வணங்கினேன். அந்தோணி சொல் கேட்டாயிற்று. கிண்ணத்தை உயர்த்தி மேசையில் வைத்தேன். நாற்பத்தாறு வருடப் பழக்கம், கால் தானாக மடங்கிவிட்டது.

இறங்கினேன், எழ முடியவில்லை. மேசையைப் பிடித்து இழுத்தால் கிண்ணம் கவிழும், அதில் இருப்பது ஆண்டவரின் இரத்தம். வியர்த்துக் கொட்டியது. ஆண்டவரே, இந்த ஜனங்கள் முன்னால் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

அப்போது ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. உபதேசியாரின் மனைவி மரியபுஷ்பம். பூசை ஒழுங்குப்படி அந்த இடத்தில் பாட்டே கிடையாது. வேறு நாளாக இருந்தால் முறைத்திருப்பேன். ஊரே சேர்ந்து பாடியது. முதல் சரணத்தில் தரையில் கையூன்றினேன். இரண்டாவதில் நல்ல காலை ஊன்றினேன். மூன்றாவது சரணம் முடியும்போது நின்றுவிட்டேன். பாட்டும் நின்றது. அறுபது தலைகளும் குனிந்தே இருந்தன. வேண்டுமென்றேதான் குனிந்திருந்தார்கள். கண்ணீரில் புத்தகத்து எழுத்தே தெரியாமல் அடுத்த செபத்தை மனப்பாடமாகச் சொன்னேன்.

9.15. கோயில் வாசலில் பாய் விரித்து இட்லியும், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலையில் அரைத்த சட்னியும். போதுமென்றால் யாரும் விடவில்லை. "பிரசங்கம் சின்னதுதான் சாமி, தட்டுல இன்னும் ரெண்டு வெச்சுக்கலாம்" என்று ஒருவர் கிண்டல் செய்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. முழங்காலைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

11.00. புறப்படும்போது சொல்லிவிட்டேன். "உபதேசியாரே, இனிமே வேற சாமியாரைப் பாருங்க. பார்த்தீங்கல்ல, என் காலு ஆவாது."

அவர் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பிக்கொண்டே நின்றார். டிபன் பாக்ஸோடு வந்த மரியபுஷ்பம்தான் பதில் சொன்னார்.

"காலுக்கென்ன சாமி? அடுத்த மாசப் பூசைக்கும் நீங்களே வாங்க. அஞ்சு சரணம் இருக்கற பாட்டா எடுத்து வெச்சிருக்கேன். பொறுமையா எந்திரிங்க."

டிபன் பாக்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"நாலு போதும்மா" என்றேன்.