மோரி சார் மடித்த இலை

வழியில்

எறையூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வந்துகொண்டிருந்தவரை ரோட்டோர டீக்கடையில் எனக்கு வேலை இருந்தது. அரவை சீசன் முடிந்தது, வண்டிகள் நின்றன, டீ குடிக்கவும் ஆள் இல்லை. "அடுத்த சீசனுக்கு வந்துடு" என்றார் முதலாளி. அடுத்த சீசனில் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, அறுந்த செருப்பு. பெரம்பலூர் போனால் ஏதாவது ஓட்டலில் இலை எடுக்கவாவது கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு மேல் திட்டம் கிடையாது.

வாலிகண்டபுரம் கிட்ட வரும்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. திரும்பினேன். முழுக்கைச் சட்டை, டை, பளபளவென்று ஷூ. கேரியரில் வாழை இலைக் கட்டு. அந்த வெயிலில் அந்த ரோட்டில் டை கட்டிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணே, பந்தி பரிமாறத் தெரியுமா?"

"தெரியும். யார் வீட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லண்ணே. ஜப்பான்காரர் சாப்பிட வராரு."

வெயிலில் புத்தி கலங்கியவர்களை ரோட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாப்பாடு உண்டு என்றான். கூடவே நடந்தேன்.

பெயர் செல்வராசு. பி.காம் முடித்துவிட்டு மெட்ராஸில் மேல்படிப்பு. பிசினஸ் மேனேஜ்மென்டும் ஜப்பான் பாஷையும் சேர்த்துச் சொல்லித் தருகிற படிப்பு. கடைசியாக ஒசாகாவில் ஒரு கம்பெனியில் டிரெயினிங். அதற்கு ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றில் இவனும் ஒரு மெட்ராஸ் பையனும் நின்றார்கள். அந்தக் கம்பெனிக்காரர் மோரி, மிஷின் வேலையாக அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார்.

"வூட்ட வந்து பாத்துட்டுத்தான் ஆள எடுப்பாராம்" என்றான்.

"பொண்ணு பாக்குற மாதிரியா?"

"அதேதாண்ணே. பொண்ணு நான்."

"பரிமாறப் பங்காளிங்க இல்லையா?"

"இருந்தானுவ. ஜப்பான்காரர்னா கராத்தே தெரிஞ்சிருக்கும், கொழம்பு மேல சிந்திட்டா அடிப்பாருன்னு காலையில எவனோ சொல்லிட்டான். ஒருத்தனையும் காணோம்."

இந்த இடம் கைவிட்டுப் போனால் செந்துறையில் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும் என்றான். உரக்கடை கேவலம் இல்லை. ஆனால் அதற்கு ஜப்பான் பாஷை வேண்டாம்.

பந்தி

செல்வராசுவின் அப்பா மானாவாரியில் கடலை போடுகிறவர். என்னைப் பார்த்ததும் பெயர்கூடக் கேட்கவில்லை. "ஏம்ப்பா, விருந்தாளி எலை காலியா தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒன்னத்தான் கேப்பேன்" என்றார். இந்தத் தொழிலில் அதைவிடத் தெளிவான உத்தரவு கிடைக்காது.

அம்பாசடர் வந்தது. மோரி சார் குள்ளமான மனிதர், கண்ணாடி போட்டவர். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினார். தன் பெயர் அச்சடித்த கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்படி ஒரு மரியாதை அந்தக் கார்டுக்கு ஜப்பானிலும் நடந்திருக்காது. மோரி சார் ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். சம்பந்தம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

கூடத்தில் பாய் விரித்தோம். மோரி சார் ஒரு பக்கம். பேசத் தோதாக இருக்கட்டும் என்று செல்வராசு நேர் எதிர்ப்பக்கம். அப்பா நின்றுகொண்டார். அம்மா சமையல்கட்டு வாசலில்.

நாட்டுக்கோழிக் குழம்பு. மோரி சார் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கறிவேப்பிலையையும் விடவில்லை. எலும்பை மட்டும் இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். இலை காலி. வைத்தேன். மறுபடி காலி. மறுபடி வைத்தேன்.

"பாத்தியா, எப்படி சாப்புடுறாரு! வைப்பா, வைப்பா" என்றார் அப்பா.

"பாவம், வந்த எடத்துல நல்ல பசி போல" என்றார் அம்மா.

மோரி சாரின் மூக்குக் கண்ணாடி ஆவி பிடித்தது. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி சோற்றைப் பார்த்தார். கிணறு வெட்டுகிறவன் பாறையைப் பார்க்கிற பார்வை.

செல்வராசுவுக்கு ரசம் ஊற்றக் குனிந்தபோது முணுமுணுத்தான். "அண்ணே, போதும். அவரா நிறுத்த மாட்டாரு. அவங்க ஊர்ல ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் மரியாதை இல்ல. கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. இப்பதான் ஞாபகம் வருது."

"நம்மூர்ல காலி எலையில வைக்கலன்னா மரியாதை இல்ல. அப்பா நிக்கிறாரு பாரு. நீயே அவரு பாஷையில சொல்லிடு."

"பெரியவர்கிட்ட போயி சாப்பாட்ட நிறுத்துங்கன்னு எப்படிண்ணே சொல்றது? அப்பா மூஞ்சி என்னாகும்?"

இரண்டு ஊர் மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

செல்வராசு ஒரு முடிவுக்கு வந்தான். மோரி சார் பார்க்கும்படி தன் இலையின் மேல்பாதியை மெதுவாகத் தன் பக்கமாக மடித்தான். சாப்பாடு முடிந்தது, திருப்தி என்று அர்த்தம். மோரி சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. புரிந்துகொண்டார். அவரும் மடித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவரல்லவா? செல்வராசுவின் இலை எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே தன் இலையையும் கொண்டுபோனார். தன்னிடமிருந்து வெளியே தள்ளி மடித்தார்.

எங்கள் பக்கம் துக்க வீட்டுச் சாப்பாட்டில்தான் அப்படி மடிப்பார்கள். இனி இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் வேண்டாம் என்று அர்த்தம். நல்ல நாளில் அப்படி மடித்தால், உறவு இத்தோடு சரி.

மோரி சார் மட்டும் சிரித்த முகமாக இருந்தார்.

"என்னாத்துக்கு இப்படி மடிச்சாரு? நாம என்ன குத்தம் பண்ணோம்?" என்றார் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "விடு. புடிக்கலங்கறத பக்குவமா சொல்லிட்டாரு மனுசன்."

"அப்பா, அவருக்குத் தெரியாதுப்பா!" என்றான் செல்வராசு.

"தெரியாமத்தான் கரெக்டா மடிச்சாரா? நீ சும்மா இரு."

என் கவலை வேறு. பந்தி நல்லபடியாக முடிந்தால்தான் பரிமாறுகிறவனுக்குச் சோறு. மோர்ச்சோற்றுப் பாத்திரம் கையில் இருந்தது. குனிந்து மோரி சாரின் இலையைப் பிரித்து, ஒரு கரண்டி வைத்தேன். மடித்த இலையைப் பிரிப்பது எந்தப் பந்தியிலும் நடக்காத காரியம். கல்யாண வீடாக இருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

"இன்னும் பந்தி முடியலீங்க. தம்பி, நீ எந்திரிச்சு அவரு பக்கத்துல வந்து உக்காரு" என்றேன்.

மோரி சார் மோர்ச்சோற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட்டார். செல்வராசு தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையைப் பிரித்துப் போட்டு, மறுபடி தன் பக்கமாக மடித்தான். மோரி சாரும் பக்கத்து இலையைப் பார்த்து மடித்தார். இந்தத் தடவை தன் பக்கமாக.

"அப்பாடி" என்றார் அம்மா.

வாசலில் மோரி சார் ஷூ போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் நின்று, இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னார். அத்தனை சாப்பாட்டுக்கு மேல் குனிந்திருக்கக் கூடாது. எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்பா ஓடிப்போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வரட்டும்" என்று முதுகைத் தடவினார். மாட்டுக்கும் அதே மாதிரிதான் சொல்வார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காரில் அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அம்மா என் சோற்றை இலையில் கட்டிக் கொடுத்தார். அரியலூர்வரை அது என் மடியில் இருந்தது. மோரி சாரின் தலை என் தோளில் இருந்தது.

மறுநாள்

காலையில் மோரி சார் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். முகம் வாழைத்தண்டு நிறம். முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த செல்வராசு எதிரே நின்றான். சட்டை கசங்கியிருந்தது, டையைக் காணோம். அவர் ஒன்று கேட்டார், இவன் ஒன்று சொன்னான். அப்புறம் அவர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். செல்வராசு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஏன் என்னை நிறுத்தச் சொல்லலன்னு கேட்டாரு. அப்பா முன்னாடி சொல்ல முடியலன்னேன். எனக்கும் உங்கப்பா முன்னாடி போதும்னு சொல்ல முடியலன்னாரு."

"அவ்வளவுதானா?"

"ஒசாகா ஆபீஸ்லயும் மேலாளுங்க முன்னாடி ஒருத்தராலயும் சொல்ல முடியாதாம். நீ அங்க சரியா இருப்ப, வான்னுட்டாருண்ணே."

அப்பாவிடம் சொல்ல பஸ்ஸுக்கு ஓட எழுந்தவனை மோரி சார் கையால் நிறுத்தினார். என்னைக் காட்டி இன்னொன்று சொன்னார்.

"அண்ணே, அவரு இங்க இருக்கற வரைக்கும் கஞ்சி வச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணுமாம். நீங்க இருக்கீங்களான்னு கேக்குறாரு. ஆனா ஒரு கண்டிஷன். ஒரு தடவதான் ஊத்தணும்."

"எனக்குச் சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"சரி."

பையைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டினேன். அரிசியை நொறுக்கி, உப்பு மட்டும் போட்டுக் கஞ்சி வைத்தேன். கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். நிதானமாகக் குடித்தார். கிண்ணம் காலியானது. என் கை தானாகக் கரண்டிக்குப் போனது. மோரி சார் நிமிர்ந்து பார்த்தார். கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.